சாமந்தி அரிக்கும் கைக்கு சீமைச் சாமந்தி கிரீமா?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

இரண்டு வாரத்துக்கு முந்தைய ஞாயிறு இணைப்பில், மகளிர் பக்கத்தில் கெமோமில் பற்றி எழுதியிருந்தீர்கள். சென்சிடிவ் சருமம் உள்ளவர்கள், அதாவது எதைத் தடவினாலும் முகம் சிவந்து எரிகிறவர்கள், கெமோமில் கிரீமையும் டோனரையும் தாராளமாகப் பயன்படுத்தலாம், பூவிலிருந்து எடுப்பது, இயற்கையானது, பக்கவிளைவே கிடையாது என்று முடித்திருந்தீர்கள். மற்றதெல்லாம் சரி. அந்தக் கடைசி வரி மட்டும் இரண்டு நாளாகத் தொண்டையில் மாட்டிய மீன்முள் மாதிரி உறுத்தியது, அதனால் எழுதுகிறேன்.

நான் திண்டுக்கல்லில் 19 வருஷமாக பியூட்டி பார்லர் வைத்திருக்கிறேன். டாக்டர் இல்லை, டாக்டர் மாதிரி பேசவும் ஆசை இல்லை. ஆனால் ஒரு முகத்தை ஒரு சாண் தூரத்தில் வைத்துக்கொண்டு முக்கால் மணி நேரம் பார்க்கிற வேலை இது, எந்தத் தோல் எதற்குச் சிவக்கும் என்று கொஞ்சம் பழகிவிடும். பழகிவிட்டது என்று நான் நினைத்துக்கொண்டிருந்த காலத்தில்தான் அந்தத் தப்பைச் செய்தேன்.

அதற்கு முன்னால் ஒன்று சொல்லிவிடுகிறேன், கெமோமிலுக்கு நான் எதிரி இல்லை. வேக்ஸிங் முடிந்து கையெல்லாம் தடித்து நிற்கிறவர்களுக்கு இன்றைக்கும் நான் செய்வது அதுதான். கெமோமில் டீ பை இரண்டை ஒரு டம்ளர் வெந்நீரில் போட்டு, தட்டால் மூடி பத்து நிமிஷம் வைத்து, ஆறியதும் ஃப்ரிட்ஜில் குளிரவைத்து, அதில் பஞ்சை நனைத்து ஒத்தி எடுப்பேன். கால் மணி நேரத்தில் பெரும்பாலோருக்கு எரிச்சல் அடங்குகிறது. பாதி அடங்குவது அந்தக் குளிர்ச்சியால்தான் என்று எனக்கும் தெரியும், வெறும் ஐஸ் தண்ணீருக்கும் அந்த வித்தை தெரியும்.

சரி, நடந்த கதை. மூன்று வருஷத்துக்கு முன்னால், ஆவணி முகூர்த்தம். நிலக்கோட்டைப் பக்கத்திலிருந்து ஒரு கல்யாணப் பெண் வந்தாள், பூ வியாபாரம் செய்கிற குடும்பம். கல்யாணத்துக்கு நாலு நாள் இருந்தது. உட்கார்ந்ததும் அவள் சொன்ன முதல் வார்த்தையே, “எனக்கு எதப் போட்டாலும் மூஞ்சி செவக்கும்க்கா, பாத்துப் போடுங்க” என்பதுதான். நானும் பார்த்துத்தான் போட்டேன். வழக்கமான பழ ஃபேஷியலை ஒதுக்கிவிட்டு, சென்சிடிவ் சருமத்துக்கென்றே வந்த கெமோமில் கிட்டைப் பிரித்தேன், விலையும் கூடுதல். அன்றைக்கு ஒன்றும் ஆகவில்லை. கண்ணாடியில் பார்த்துச் சிரித்துக்கொண்டு போனாள். மறுநாளும் ஒன்றும் இல்லை. அதற்கு அடுத்த நாள் விடிகாலை போன் வந்தது. “அக்கா, கண்ணே தொறக்க முடியலக்கா.”

போய்ப் பார்த்தால் இமை இரண்டும் பணியாரம் மாதிரி உப்பியிருக்கிறது, கன்னம் முழுக்கப் பொடிப்பொடியாகக் கொப்புளம், கழுத்து மடிப்பில் சிவப்பு. அவள் அம்மா என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை, அதுதான் இன்னும் கஷ்டமாக இருந்தது. ஆட்டோ பிடித்து தோல் டாக்டரிடம் கூட்டிப் போனேன். அவர் முகத்தைப் பார்க்கும் முன்னால் அவள் கையை வாங்கித் திருப்பிப் பார்த்தார்.

“பூக் கட்டுவியாம்மா?”

“ஆமா சார்.”

“என்ன பூ?”

“மல்லி, கனகாம்பரம், சாமந்தி, எல்லாந்தான். சாமந்தி தொட்டா மட்டும் அரிக்கும்.”

அப்புறம் என் பக்கம் திரும்பி என்ன போட்டீர்கள் என்று கேட்டார். டப்பாவை நீட்டினேன். மூடியில் வெள்ளை இதழும் மஞ்சள் நடுவுமாக அழகாக ஒரு பூப்படம். அதை என் முகத்துக்கு நேரே பிடித்து, “இத என்ன பூன்னு நெனச்சீங்க?” என்றார்.

ஆசிரியர் அவர்களே, அந்தப் பெண்ணின் விரலை நானும் பார்த்திருந்தேன். ஃபேஷியலுக்கு முன்னால் மேனிக்யூர் செய்தது நான்தானே. கட்டைவிரல் நுனியும் ஆள்காட்டி விரல் நுனியும் தோல் தடித்து, காய்ந்து, கோடு கோடாக வெடித்திருந்தது. காம்பைக் கிள்ளி நாரில் வைத்து முடிச்சுப் போடுகிற இரண்டு விரல்கள். பாத்திரம் தேய்க்கிற சோப்பாக இருக்கும் என்று நானே தீர்ப்புச் சொல்லி, ராத்திரியில் வாஸ்லின் தடவிக்கொள் என்று புத்திமதியும் சொல்லியிருந்தேன்.

கெமோமில் சாமந்திக் குடும்பத்துச் செடி. தமிழில் அதற்குச் சீமைச் சாமந்தி என்று பெயர் வைத்தவர் யாரோ, சரியாகத்தான் வைத்திருக்கிறார். இங்கிலீஷ் பெயரிலேயே நாம் கேட்டுப் பழகியதில் அந்த உறவு கண்ணுக்குத் தெரியாமல் போய்விட்டது. டப்பாவில் ‘சாமந்தி கிரீம்’ என்று எழுதியிருந்தால் அந்தப் பெண்ணே வேண்டாம் என்று சொல்லியிருப்பாள். துலுக்கச் சாமந்தி, சூரியகாந்தி, வெட்டுக்காயத்துக்குக் கசக்கிப் பிழிகிற மூக்குத்திப்பூ, கரிசலாங்கண்ணி, எல்லாம் இதே குடும்பம்தான். ரோட்டோரத்திலும் ரயில் பாதை ஓரத்திலும் காலி மனையிலும் சின்னச் சின்ன வெள்ளைப் பூவோடு நிற்கிறதே பார்த்தீனியம், அதுவும்.

இந்தப் பார்த்தீனியத்தைப் பற்றி டாக்டர் சொன்ன பிறகுதான் எனக்குப் பல முகங்கள் ஞாபகத்துக்கு வந்தன. 1950-களில் புனே பக்கம் கண்ணில் பட ஆரம்பித்த செடி, அமெரிக்கக் கோதுமையோடு வந்து இறங்கியது என்று சொல்வார்கள், இன்றைக்கு அது இல்லாத ஊர் ஏது? அது காய்ந்து பொடியாகிக் காற்றில் பறந்து வந்து இமை, கழுத்து, முழங்கை மடிப்பு என்று உட்கார்ந்தால், ஒத்துக்கொள்ளாதவர்களுக்குத் தோல் தடித்து, கறுத்து, யானைத்தோல் மாதிரி ஆகிவிடும். வயல்காட்டில் நிற்கிறவர்களுக்கு அதிகம் வரும். இந்தச் செடிகளில் செஸ்குவிடெர்பீன் லாக்டோன் என்று ஒரு வகைப் பொருள் இருக்கிறது. ஒரு செடியின் வழியாக அது தோலுக்குப் பகையாகிவிட்டால், அதே மாதிரிப் பொருள் வேறு செடியில் வந்தாலும் உடம்பு அடையாளம் கண்டுகொள்ளும். உடனே காட்டாது, ஒரு நாள், இரண்டு நாள், மூன்று நாள்கூட எடுத்துக்கொள்ளும். என் நாற்காலியில் அவள் முகம் பளபளவென்று இருந்ததற்கு அதுதான் காரணம். அங்கேயே எரிந்திருந்தால் அங்கேயே கழுவி விட்டிருப்பேன்.

அதற்காக ஒரு பூ ஆகாது என்றால் குடும்பத்தில் எதுவுமே ஆகாது என்று அர்த்தமில்லை. பங்காளிகளில் ஒருவரோடு சண்டை என்றால் எல்லா வீட்டோடும் பேச்சு நின்றுவிடுமா என்ன? கரிசலாங்கண்ணித் தைலம் தலைமுறை தலைமுறையாகத் தேய்க்கிறோம், பெரும்பாலோருக்கு ஒன்றும் செய்வதில்லை. நல்ல ஜெர்மன் கெமோமிலில் அந்தப் பகைப் பொருள் குறைவுதான் என்றும் சொல்கிறார்கள். ஆனால் ஏற்கெனவே சாமந்தியோ பார்த்தீனியமோ ஒத்துக்கொள்ளாத ஆள் அதை முகத்தில் தடவி, இமைப் பக்கம் விரலால் தட்டி, இரவு முழுக்க வைத்திருப்பது வேறு விஷயம்.

இரண்டு மாசம் கழித்து, தோல் ஆறிய பிறகு, அந்தப் பெண்ணுக்குப் பேட்ச் டெஸ்ட் எடுத்தார்கள். நானும் கூடப் போனேன். முதுகில் வரிசையாகச் சின்னச் சின்னக் குப்பி வைத்த பிளாஸ்திரி ஒட்டி, இரண்டு நாள் நனைக்காமல் இருக்கச் சொல்லி, பிரித்துப் பார்த்து, மறுபடி இரண்டு நாள் கழித்தும் பார்க்கிறார்கள். நம் நாட்டில் தோல் டாக்டர்கள் வழக்கமாக ஒட்டுகிற வரிசையில் பார்த்தீனியம் இருக்கிறது. கெமோமில் அந்த வரிசையில் இல்லை, அதனால் என் கிரீமையே ஒரு குப்பியில் வைத்து ஒட்டினார்கள். பார்த்தீனியம் வைத்த இடம் ஐம்பது காசு அளவுக்குச் சிவந்து மேலே எழும்பியிருந்தது. என் கிரீம் வைத்த இடமும்தான்.

கெமோமில் தோலுக்கு என்னதான் செய்யும் என்று இதற்குப் பிறகுதான் நான் சரியாகக் கேட்டுத் தெரிந்துகொண்டேன். என் மகள் பி.பார்ம் படிக்கிறாள், அவள்தான் வாத்தியார். கெமோமிலில் இரண்டு உண்டு, ஜெர்மன், ரோமன். கிரீம்களில் அதிகம் வருவது ஜெர்மன். பூ வெள்ளையும் மஞ்சளும், ஆனால் ஆவியில் வடித்தால் எண்ணெய் மைப்புட்டி மாதிரி நீலமாக வரும். அந்த நீலம் பூவில் கிடையாது, பூவில் இருக்கிற மெட்ரிசின் என்ற நிறமில்லாத பொருள் சூட்டில் கமாசுலீன் ஆக மாறுவதால் வருவது. அதோடு பிசபோலால் என்று ஒன்று, அபிஜெனின் என்று ஒன்று. வீக்கத்தைத் தணிக்கிற குணம் இவற்றுக்கு இருப்பதாக ஆய்வுக்கூடத்தில் காட்டியிருக்கிறார்கள். ஐரோப்பிய ஒன்றியத்தின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பும் தோலில் லேசான அழற்சி, வெயில் பட்ட சிவப்பு, மேலோட்டமான காயம், சின்னச் சீழ்க்கட்டி இதற்கெல்லாம் கெமோமிலை வெளிப்பூச்சாகப் பயன்படுத்தலாம் என்று ஏற்றுக்கொண்டிருக்கிறது. ஆனால் என்ன கணக்கில்? நீண்ட காலப் பழக்கம் என்ற கணக்கில். சோதித்து நிரூபித்தது என்ற கணக்கில் இல்லை. அந்த வித்தியாசத்தை உங்கள் கட்டுரை விழுங்கிவிட்டது.

2000-ஆம் வருஷம் வெளிவந்த ஒரு ஜெர்மன் ஆய்வை மகள் எடுத்துக் காட்டினாள். எக்ஸிமா, அதாவது தோல் காய்ந்து தடித்து அரிக்கிற நோய், உள்ள 72 பேருக்கு, உடம்பின் ஒரு பக்கம் கெமோமில் கிரீம், மறு பக்கம் லேசான ஸ்டீராய்டு அல்லது மருந்தில்லாத வெறும் கிரீம் என்று இரண்டு வாரம் தடவியிருக்கிறார்கள். 0.5 சதவீத ஹைட்ரோகார்டிசோன் என்ற அந்த ஸ்டீராய்டைவிட கெமோமில் கொஞ்சம் மேல் என்று முடிவு. இந்த வரியைத்தான் விற்கிறவர்கள் பிடித்துக்கொள்கிறார்கள். அடுத்த வரியில், வெறும் கிரீமுக்கும் கெமோமில் கிரீமுக்கும் வித்தியாசம் சொற்பம் என்று இருக்கிறது, அதை யாரும் சொல்வதில்லை. காய்ந்த தோலுக்கு இரண்டு வேளையும் ஒழுங்காக ஏதோ ஒரு கிரீம் தடவியதே பாதி வைத்தியம் என்று நான் எடுத்துக்கொண்டேன், என் அனுபவமும் அதுதான். தேங்காயெண்ணெய்கூடப் போட சோம்பல்படுகிறவர்கள்தான் சென்சிடிவ் சருமம் என்று வந்து நிற்கிறார்கள் பாதிப் பேர்.

இன்னொரு பாதிப் பேர் யார் என்று கேட்டால் கோபப்படாதீர்கள், மெடிக்கல் ஷாப்பில் பெயர் சொல்லி வாங்கி மாசக்கணக்கில் முகத்தில் தடவிய சிவப்பழகு டியூப்காரர்கள். அந்த டியூபில் ஸ்டீராய்டு. 2018-இல் தோலில் தடவுகிற ஸ்டீராய்டுகளில் 14 வகையை டாக்டர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது என்று மத்திய அரசு உத்தரவே போட்டது, இருந்தும் வருகிறார்கள். அந்த முகம் வெயில் பட்டாலும் எரியும், சோப்பு பட்டாலும் எரியும், நிறுத்தினால் இன்னும் எரியும். அதற்குக் கெமோமிலும் கிடையாது, கற்றாழையும் கிடையாது, பார்லரும் கிடையாது, தோல் டாக்டர்தான்.

அப்புறம் டப்பாவைப் படிக்கிற விஷயம். நம் நாட்டில் 2020-ஆம் ஆண்டு வந்த அழகுசாதனப் பொருள் விதிப்படி, ஒரு சதவீதத்துக்கு மேல் இருக்கிற பொருள்களை அளவு வாரியாகப் பெரியதிலிருந்து சின்னதாக எழுத வேண்டும், ஒரு சதவீதமும் அதற்குக் கீழும் இருப்பதைப் பின்னால் இஷ்டப்பட்ட வரிசையில் எழுதலாம். ஃபீனாக்சிஎத்தனால் என்று ஒரு கெடாமல் காக்கிற பொருள் நிறைய கிரீமில் இருக்கும், அதை ஒரு சதவீதத்துக்கு மேல் போடமாட்டார்கள். ஆகவே அதற்குப் பின்னால் ‘கெமோமில்லா ரெகுட்டிட்டா ஃப்ளவர் எக்ஸ்ட்ராக்ட்’ வந்தால், மூடியில் எவ்வளவு பெரிய பூப்படம் இருந்தாலும் உள்ளே இருப்பது ஒரு சதவீதத்தைத் தாண்டாது. நான் அலமாரியில் இருந்த நாலு டப்பாவை எடுத்துப் பார்த்தேன், மூன்றில் அப்படித்தான். மூன்றிலும் அதற்குப் பக்கத்திலேயே ‘ஃப்ரேக்ரன்ஸ்’, அதாவது செண்ட். சென்சிடிவ் சருமத்துக்கென்று சொல்லி செண்ட் போடுவதை என்னவென்று சொல்ல? நாலாவது நல்ல வானநீலமாக இருந்தது. கமாசுலீன் நீலம் என்று விற்க வந்த பையன் சொல்லியிருந்தான். பட்டியலின் கடைசியில் சிஐ 42090 என்று எழுதியிருந்தது, மகள் பார்த்துவிட்டு அது சாயம் என்றாள். நிஜக் கமாசுலீன் வெளிச்சம் பட்டு நாளானால் பச்சையாகிப் பழுப்பாகிவிடுமாம், என் கிரீம் ஒரு வருஷமாகக் கிருஷ்ணர் பொம்மை மாதிரி அதே நீலத்தில் இருக்கிறது.

ஏற்கெனவே சாமந்தி ஆகாதவர்கள் இந்தப் பட்டியலில் தேட வேண்டியது கெமோமில்லா, மெட்ரிகேரியா, ஆந்திமிஸ் நோபிலிஸ் என்ற பெயர்களை. கடைசியில் சொன்னது ரோமன் வகை. கூடவே கேலண்டுலா, ஆர்னிகா இரண்டையும் பார்த்துக்கொள்ளுங்கள், அவையும் இந்தக் குடும்பத்துப் பூக்கள், ‘மென்மையானது’ என்ற பெயரில்தான் அவையும் வரும். பிசபோலால் என்று மட்டும் இருந்தால் அது தனியாகப் பிரித்தெடுத்த பொருள், பெரும்பாலும் பிரேசில் நாட்டு மரம் ஒன்றிலிருந்து எடுக்கிறார்கள், அபூர்வமாகத்தான் ஒத்துக்கொள்ளாமல் போகும்.

காய்ந்த பூவாக வாங்குகிறவர்களுக்கும் ஒன்று. நாட்டு மருந்துக் கடையில் சீமைச் சாமந்தி என்று கேட்டால் ஒரு தடவை எனக்கு நம்மூர்ச் சாமந்தியையே காயவைத்துப் பொட்டலம் கட்டிக் கொடுத்தார்கள். சில கடைகளில் பாபூனா என்று கேட்டால் புரிகிறது, யுனானியில் அதுதான் பெயர். மூக்குத்தி அளவில்தான் பூ இருக்கும், நடுவில் மஞ்சள் கூம்பு. ஒரு பூவை எடுத்து அந்தக் கூம்பை பிளேடால் நெடுக்காகப் பிளந்து பாருங்கள், உள்ளே வெற்றாக, குழல் மாதிரி இருந்தால் ஜெர்மன் கெமோமில். உள்ளே கெட்டியாகச் சதை இருந்தால் வேறு ஏதோ. இதைப் போலவே பூக்கிற, இங்கிலீஷில் நாய்ப் பெயர் சேர்த்துச் சொல்கிற ஒரு களை இருக்கிறது, அதில்தான் ஒவ்வாமைப் பொருள் அதிகம், கலந்து வந்தால் வம்பு. வாசனையும் உதவும். நல்ல பூவைக் கசக்கினால் லேசாக ஆப்பிள் வாசம் அடிக்கும். கிரேக்க மொழியில் பெயரே தரை ஆப்பிள் என்றுதானாம்.

கெமோமில் தண்ணீரில் கண்ணைக் கழுவலாம் என்று நீங்கள் எழுதவில்லை, அதுவரைக்கும் புண்ணியம். ஆனால் வீடியோக்களில் சொல்கிறார்கள். அப்படிக் கழுவியதால் கண் சிவந்து வீங்கியவர்களைப் பற்றி 1990-லேயே மருத்துவ இதழில் எழுதியிருக்கிறார்கள்.

முகத்தில் போடும் முன்னால் சோதித்துப் பார்க்கலாம் என்றால், காதுக்குப் பின்னால் ஒரு பொட்டு வைத்து பத்து நிமிஷம் பார்ப்பது போதாது. நானும் அதைத்தான் 16 வருஷம் செய்துகொண்டிருந்தேன். முழங்கை உள்பக்கம் ஒரு ரூபாய்க் காசு அளவு, தினம் இரண்டு வேளை, ஒரு வாரம் பத்து நாள் தடவிப் பார்க்க வேண்டும். கல்யாணத்துக்கு நாலு நாள் இருக்கும்போது இது முடியாது, அப்போது புதுப் பொருளே போடாமல் இருப்பதுதான் வழி. இதைச் சொன்னால் எனக்கு வியாபாரம் குறையும், இருக்கட்டும்.

அந்தப் பெண்ணுக்குக் கல்யாணம் நடந்தது. மேக்கப் இல்லை, இமை வீக்கம் பாதி வடிந்திருந்தது, ஆல்பத்தில் பக்கவாட்டுப் படங்கள்தான் அதிகம். கழுத்தில் சாமந்தி மாலைக்குப் பதிலாக ரோஜா மாலை, அது டாக்டர் சொன்னது. நான் பணம் வாங்கவில்லை, வாங்கியதையும் திருப்பிக் கொடுத்துவிட்டேன். இப்போது அவள் மல்லியும் கனகாம்பரமும் மட்டும் கட்டுகிறாள், சாமந்திச் சரம் அவள் மாமியார் வேலை, அதில் வீட்டில் கொஞ்சம் முணுமுணுப்பு இருக்கிறது என்று கேள்வி. என் பார்லரில் புதிதாக வருகிறவர்களிடம் பெயர், போன் நம்பர் கேட்டதும் மூன்றாவதாகக் கேட்பது, சாமந்தி தொட்டால் கை அரிக்குமா என்பதுதான். சிலர் சிரிக்கிறார்கள். ஃபேஷியல் செய்ய வந்தால் பூவைப் பற்றிக் கேட்கிறாளே என்று. பூக்கடைக்காரர்கள், கோயிலில் மாலை தொடுக்கிறவர்கள், தோட்டத்தில் பறிக்கப் போகிறவர்கள் சிரிப்பதில்லை, கையை நீட்டிக் காட்டுகிறார்கள்.

நம் மாவட்டத்தில் பூவைத் தொட்டுப் பிழைக்கிற பெண்கள் எத்தனை பேர் என்று உங்கள் நிருபர்களுக்கே தெரியும். உங்கள் ஞாயிறு இணைப்பு பூக்கடை பெஞ்சில் கிடப்பதை நானே பார்த்திருக்கிறேன். அடுத்த ஞாயிறு அதே பக்கத்தில் நாலு வரி போடுங்கள்: கெமோமில் சாமந்திக் குடும்பம், சாமந்தியோ பார்த்தீனியமோ ஒத்துக்கொள்ளாதவர்கள் தோல் டாக்டரைக் கேட்காமல் தடவ வேண்டாம் என்று. இடம் இல்லை என்றால் சமையல் குறிப்பில் ஒன்றைக் குறைத்துக்கொள்ளலாம், போன வாரம் போட்ட பாதுஷா எங்கள் வீட்டில் யாருக்கும் வரவில்லை.

இப்படிக்கு,
ஒரு பார்லர்காரி,
திண்டுக்கல்.